ஹெல்த் டிரிங்க் டப்பாவின் பின்பக்கம்: புதுச்சேரி கடை அலமாரிக்கு ஒரு மதிப்புரை

நெல்லித்தோப்பானாலும் முத்தியால்பேட்டையானாலும், கொஞ்சம் பெரிய பலசரக்குக் கடையில் பில் போடும் மேசைக்குப் பக்கத்து அலமாரி பிள்ளைகளுக்கானதுதான். மேல்தட்டில் மால்ட் பவுடர், சாக்லேட் பவுடர், சின்னக் குழந்தைகளுக்கென்று தனியாக ஜூனியர் டப்பா. கீழ்த்தட்டில் மாம்பழ டிரிங்க், பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ். கீழ்த்தட்டில் இருப்பதைத் தின்பண்டம் என்று தெரிந்தேதான் வாங்குகிறோம். மேல்தட்டை மருந்து வாங்குவதுபோல வாங்குகிறோம். அதனாலேயே இந்த மதிப்புரையில் பெரும்பங்கு மேல்தட்டுக்கு. பிள்ளை ஏன் குண்டாகிறது என்று காரணம் தேடும்போது யாரும் சந்தேகப்படாத இடம் அது.

முதலில் பெயர். 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே நம் நாட்டு உணவுச் சட்டத்தில் கிடையாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வரையறை இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு அறிவுரை அனுப்பியது: போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ஹெல்த் டிரிங்க் பிரிவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று. அதே மாதம் ஹார்லிக்ஸ் கம்பெனியும் தன் சரக்கு இருக்கும் பிரிவின் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் சீட்டும், "புள்ளைக்கு உடம்பு தேற என்ன வாங்கலாம்ண்ணே?" என்று கேட்டால் கடைக்காரர் கை நீட்டும் திசையும் மட்டும் இன்னும் மாறவில்லை.

டப்பாவைத் திருப்புங்கள். படிக்க வேண்டியது மூன்றே இடம்.

ஒன்று, சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பது சட்டம். முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரை வந்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்கு வேறு பெயர்களும் உண்டு: லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ். மால்டோடெக்ஸ்ட்ரின் ஒரு தனி ரகம். அது மாவுச்சத்திலிருந்து எடுப்பது, 'சர்க்கரை' வரிசையில் கணக்குக்கு வராது. ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸாக ஏறும் வேகத்தில் சர்க்கரைக்கு இளைத்ததல்ல. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்ட சில டப்பாக்களைத் திருப்பினால் இதுதான் இருக்கும்.

இரண்டு, 100 கிராமுக்கான அட்டவணையில் 'சேர்த்த சர்க்கரை' என்ற வரி. பரவலாக விற்கும் மால்ட்-சாக்லேட் வகையில் இது 30 கிராம் சுற்றில் இருக்கும். 2023இல் சர்க்கரை அதிகம் என்று பெரிய சர்ச்சை கிளம்பிய பிறகு போர்ன்விட்டா தன் அளவை 100 கிராமுக்கு 37.4இலிருந்து 32.2 கிராமாகக் குறைத்தது. குறைத்தது நல்லதுதான், குறைத்த பிறகும் டப்பாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை.

மூன்று, 'ஒரு பரிமாறலுக்கு இத்தனை சதவீதம்' என்ற கட்டம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஆற்றல், கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, உப்பு ஆகியவற்றுக்கு லேபிள் விதிப்படி போடும் சதவீதம் ஒரு நாளைக்கு 2000 கலோரி, 50 கிராம் சர்க்கரை என்ற பெரியவர் கணக்கு. 20 கிராம் பவுடரில் 6.4 கிராம் சர்க்கரை என்றால் டப்பா 13 சதவீதம் என்று சொல்லும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் தேவை, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 அட்டவணைப்படி, 1700 கலோரி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பான, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தை வைத்தால் சர்க்கரை 42 கிராம். அதே நிறுவனம் இதைவிட நல்லது என்று சொல்லும் 5 சதவீதத்தை வைத்தால் 21 கிராம். அந்த 21இல் 6.4 போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தது, அதுவும் ஒரே டம்ளரில், அதுவும் வீட்டில் சர்க்கரை போடும் முன்பே.

இனி டம்ளருக்கு வருவோம். டப்பாவில் எழுதியிருப்பது 20 கிராம் பவுடர், தட்டையாக வழித்த அளவு. வீட்டில் ஸ்பூன் குவியலாகத்தான் விழும். இரண்டு குவியல் ஸ்பூன் 30 கிராமை எட்டிவிடும். அதன் மேல் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, 10 கிராம். பால் 200 மில்லி. பான்லே (புதுச்சேரி கூட்டுறவுப் பால்) பூத்தில் வாங்கினாலும் தனியார் பாக்கெட் வாங்கினாலும் கொழுப்பு அளவைப் பாருங்கள்: டோன்டு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் கிரீம் 6. ஃபுல் கிரீம் பால் 200 மில்லியில் சுமார் 175 கலோரி, 30 கிராம் பவுடரில் சுமார் 114, சர்க்கரையில் 40. கூட்டினால் ஒரு டம்ளர் 330 கலோரியைத் தொடுகிறது. காலை ஒன்று, மாலை ஒன்று என்றால் 660. ஏழு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய 39 சதவீதம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு, தேவையே 1360 என்பதால், கிட்டத்தட்ட பாதி. இட்லிக் கணக்கில் பத்துப் பதினோரு இட்லி. பத்து இட்லியைத் தட்டில் வைத்து "சாப்பிடு கண்ணு" என்று எந்த அம்மாவும் சொல்லமாட்டார். டம்ளரில் என்றால் கணக்கே தெரிவதில்லை.

பிள்ளைக்கும் தெரிவதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். மென்று தின்றால் வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்குப் போக நேரம் கிடைக்கும். குடிப்பது மளமளவென்று இறங்கிவிடும், அதில் நார்ச்சத்தும் இல்லை. காலை ஏழு மணிக்கு இனிப்புப் பால் குடித்த பிள்ளை எட்டு மணிக்கு "இட்லி வேணாம்" என்கிறது. பதினோரு மணிக்குப் பசிக்கிறது, பையில் கிரீம் பிஸ்கட் இருக்கிறது. "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது, பாலாவது குடிக்கட்டும்" என்று மாலையில் இன்னொரு ஸ்பூன் கூடுகிறது. சாப்பிடாத பிள்ளை எப்படிக் குண்டாகும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இந்தச் சுழற்சியில் இருக்கிறது.

டப்பாவுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடலாம். வைட்டமின்கள், இரும்பு, அயோடின் சேர்த்திருப்பது உண்மை. ஆனால் இரும்பைப் பாலோடு கலந்தால் பாலின் கால்சியம் அது உடம்பில் சேர்வதை ஓரளவு தடுக்கும். புரதம்? 100 கிராமுக்கு 7 கிராம் புரதம் உள்ள பவுடரில் 20 கிராம் போட்டால் கிடைப்பது 1.4 கிராம். அதைக் கரைக்கிற பாலிலேயே 6 கிராமுக்கு மேல் இருக்கிறது. விளம்பரத்தில் வரும் பலம் பசுவுடையது. உடல் எடை உண்மையிலேயே குறைவாக இருக்கும் பிள்ளைக்கு, மருத்துவர் பார்த்துச் சொன்னால், இந்தக் கூடுதல் கலோரி உதவும். மதிப்பெண் போடச் சொன்னால் ருசிக்கு ஐந்துக்கு நான்கு, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒன்றரை.

யாருக்கு வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளை உள்ள வீட்டில்தான் டப்பா சீக்கிரம் நுழைகிறது. "எலும்பும் தோலுமா இருக்கு பாரு" என்று ஆயா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். எடை குறைவாகப் பிறந்து முதல் சில ஆண்டுகளில் வேகமாக எடை போடும் பிள்ளைகளுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும், பின்னாளில் சர்க்கரை நோய் வருவதும் அதிகம். அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்திருந்தாலும் அப்படியே. இந்தப் பிள்ளைகளுக்கு எடையோடு உயரமும் சேர்ந்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எடை மட்டும் ஏறினால் அது தேறுவது ஆகாது. இரண்டு வயதுக்குள் சர்க்கரை சேர்த்த எதுவும் வேண்டாம், ஜூஸ்கூட வேண்டாம். அந்த வயதில் பாலின் கொழுப்பைக் குறைக்கவும் கூடாது. டோன்டு பால் யோசனை இரண்டு வயதுக்கு மேல்தான்.

கீழ்த்தட்டைப் பற்றிச் சுருக்கமாக. மாம்பழ டிரிங்க்: விதிப்படி 'ஃப்ரூட் டிரிங்க்' என்று பெயர் போட 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும், 160 மில்லி பாக்கெட்டில் சர்க்கரை 20 கிராம் சுற்றில், அதாவது நான்கு டீஸ்பூன். சிப்ஸ்: எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். நூடுல்ஸ்: 70 கிராம் கட்டிக்கு 300 கலோரி, மசாலா பொட்டலத்தில் உப்பு தாராளம், பாதி மசாலா போட்டு, காய் இரண்டு கை, முட்டை ஒன்று சேர்த்தால் ஒரு வேளைச் சாப்பாடாகத் தேறும். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை விற்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. நம்மூர் வீதிகளில் 50 மீட்டர் என்பது அடுத்த முனை. அங்கே பேக்கரி இருக்கும், பஃப்ஸும் ரோஸ் மில்க்கும் இருக்கும்.

டப்பாவுக்கு மாற்றாக எல்லோரும் சொல்வது சத்துமாவு. கடைகளில் விற்கும் பொட்டலத்தில் முந்திரி, பாதாம், ஜவ்வரிசி, அதோடு நாட்டுச்சர்க்கரையும் அரைத்தே கலந்திருந்தால் அது பெயர் மாறிய அதே சரக்கு. நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு, வெல்லம் எதுவானாலும் கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரிதான். வீட்டில் செய்வதற்கு ஓர் அளவு: கேழ்வரகு 250 கிராம், கம்பு 100, பாசிப்பயறு 100, பொட்டுக்கடலை 100, வேர்க்கடலை 50. கேழ்வரகையும் பயறையும் தனித்தனியாக ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி முளைவிட்டதும் நிழலில் காயவைத்து, அடிகனமான சட்டியில் சிறுதீயில் வறுக்க வேண்டும். கம்பையும் வேர்க்கடலையையும் அப்படியே தனித்தனியாக வறுக்கலாம். எல்லாம் ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி நின்று கட்டி தட்டும். நம் கடலோரக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், வேர்க்கடலை சேர்ந்த மாவு சிக்கு வாடை அடித்துவிடும். மூன்று வாரத்துக்குமேல் வருவதுபோல அரைக்காதீர்கள். 200 மில்லி கஞ்சிக்கு 20 கிராம் மாவு போதும். கலோரியில் டப்பா பவுடருக்குச் சமம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நார்ச்சத்து இருப்பதும் சர்க்கரை இல்லாததும்தான் வித்தியாசம்.

டப்பாவை ஒரே நாளில் நிறுத்துவது எடுபடாது. பிள்ளை பாலையே தொடாது. மூன்றாம் நாள் ஆயா கமுக்கமாகப் பழைய அளவைக் கரைத்துக் கொடுத்துவிடுவார். முதல் வாரம் ஸ்பூனைக் கத்தியால் வழித்து அளவைத் தட்டையாக்குங்கள், வேறெதையும் மாற்ற வேண்டாம். இரண்டாம் வாரம் மேல்சர்க்கரையை ஒரு டீஸ்பூனாக்கி, மூன்றாம் வாரம் நிறுத்துங்கள். நான்காம் வாரம் பவுடர் பாதி, கூட ஒரு சிட்டிகை ஏலக்காய். மாலை டம்ளருக்குப் பதில் சுண்டல் ஒரு கிண்ணம். காலைப் பாலை இட்லிக்கு முன்னால் கொடுக்காமல் பின்னால் கொடுங்கள். இதுவொன்றே காலைச் சாப்பாட்டைப் பாதி மீட்டுக் கொடுக்கும். வீட்டில் டம்ளர் ஆற்றுகிற எல்லோருக்கும் இந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்.

பழி முழுவதும் டப்பாவுக்கு இல்லை. டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு இரவுச் சாப்பாடு, பதினொன்றுக்குத் தூக்கம், ஆறு மணிக்கு எழுப்பல் என்றால் ஏழு மணி நேரம்தான். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும்; தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறுகிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது வியர்க்க விளையாட வேண்டும். மாலையில் வண்டிகள் வரத் தடை போடும் கடற்கரைச் சாலை நமக்கு இருக்கிறது. ஓடவிடலாம், திரும்பும் வழியில் பஜ்ஜிக் கடையைத் தாண்டுவதுதான் சவால்.

'தைராய்டாக இருக்குமோ' என்ற சந்தேகத்துக்கு ஒரு எளிய குறி உண்டு. சாப்பாட்டால் குண்டான பிள்ளை பொதுவாக வயதுக்கு உயரமாகவே இருக்கும். குண்டாகவும், கூடவே உயரம் வளராமலும் இருந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவை. வலிப்புக்கான வால்ப்ரோயேட், நீண்டநாள் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் எடை போட வைக்கும். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. வீட்டில் அளக்க ஒரு தையல் டேப் போதும்: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 130 சென்டிமீட்டர் உயரப் பிள்ளைக்கு 65. கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரி கருத்துத் தடித்திருந்தால் அது அழுக்கல்ல, கடலைமாவு போட்டுத் தேய்த்தாலும் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். அப்போது எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்ட வேண்டும். போகும்போது மூன்று நாள் சாப்பாட்டை, குடித்ததையும் சேர்த்து, அளவோடு எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.