அம்மை போட்ட பிள்ளைக்கு ஆச்சி சொன்னதா, டாக்டர் சொன்னதா?

பங்குனி வெயில் ஏறினால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வாசலில் வேப்பிலை தொங்கும். போன வருஷம் எங்கள் வாசலில் தொங்கியது. மகளுக்கு ஆறு வயது, சின்னம்மை. தகவல் தெரிந்ததும் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆச்சி முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

வாசல் வேப்பிலையில் ஆச்சிக்கே முழு மார்க். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து எல்லாம் பொருக்கு தட்டும்வரை இது மற்றவருக்கு ஒட்டும். மாடி வீட்டுக்கு வந்த கர்ப்பிணிப் பெண் இலையைப் பார்த்ததும் படியேறாமல் திரும்பிப் போனார். அம்மை வராத கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் விலகியே இருக்க வேண்டும்.

சண்டை வந்தது குளியலில்தான். ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை உடம்பு நனையக் கூடாது என்றார்கள் ஆச்சி. டாக்டரோ தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கச் சொன்னார். வேர்வையும் அழுக்கும் நக இடுக்கும் சேர்ந்தால் கொப்புளம் சீழ் பிடிக்கும், தழும்பு நிற்கும். கடைசியில் ஆச்சி ஏழாம் நாளுக்கென்று சொன்ன அதே வேப்பிலைத் தண்ணீரை வெயிலில் வைத்து, நான் முதல் நாளே ஊற்றிவிட்டேன். "ஏட்டி, மாரியம்மா கோவிச்சுக்கப் போறா" என்றார்கள். ஆனால் செம்பை எடுத்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

அரிப்புக்கு, நகத்தால் சொறிவதற்குப் பதில் வேப்பங்கொழுந்தால் தடவிவிடுவது நல்ல பராக்கு. உடைந்த கொப்புளத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூச மட்டும் நான் சம்மதிக்கவில்லை, காலமைன் லோஷன் போட்டேன். நகம் வெட்டுவதில் இரு தரப்பும் ஒன்று.

காய்ச்சலுக்கு மருந்தே ஆகாது என்ற பேச்சில் ஆச்சிக்கு நான் இடம் கொடுக்கவில்லை. பாராசிட்டமால், எடைக் கணக்கில், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். பக்கத்து வீட்டில் இருக்கிறதே என்று ஐபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், தோல் தொற்று முற்றிப்போகக்கூடும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், ஈரலையும் மூளையையும் தாக்கும் ரெய்ஸ் நோய் வரலாம்.

சாப்பாட்டில் ஆச்சி ஜெயித்தார்கள். வாய்க்குள்ளும் புண் இருந்த பிள்ளைக்கு நுங்கும் இளநீரும் மோரும்தான் இறங்கின. ஆனால் தாளிக்கக் கூடாது, உப்பு கூடாது என்பதற்குக் காரணம் இல்லை. காரமும் புளிப்பும் எரியும், அவ்வளவுதான்.

நாலு நாளுக்கு மேல் காய்ச்சல், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக வீங்குவது, ஓயாத வாந்தி, தள்ளாட்டம், மயக்கமாகக் கிடப்பது, மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் வேப்பிலையா லோஷனா என்று யோசிக்காமல் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

இளையவனுக்கு இரண்டு வயது, தடுப்பூசி போடாமல் விட்டிருந்தேன். அரசின் இலவசப் பட்டியலில் இல்லாத ஊசி, இரண்டு தவணை, காசு பார்த்துத் தள்ளிப்போட்டது என் தப்பு. தொற்று பட்ட மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் போட்டாலும் பலன் உண்டு என்று டாக்டர் சொன்னதால் ஓடிப்போய்ப் போட்டோம். அவனுக்கு வரவேயில்லை. ஊசியால் என்கிறேன் நான். அவன் அரைஞாணில் தான் செருகிய கொழுந்தால் என்கிறார்கள் ஆச்சி.