பழ ஈயைப் படம் பிடிக்க: மரத்தடியா, ஜாம் போத்தலா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் முற்றத்துக் கொய்யாவின் கீழே பழம் விழுந்து வெடித்தால், மறுநாள் காலையில் ஈ மொய்த்துவிடும். வீட்டில் எல்லாவற்றுக்கும் ‘பழ ஈ’ என்று ஒரே பெயர்தான். ஆனால் குளவிச் சாயலில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருப்பது மாம்பழத்தைப் புழுவாக்கும் பாக்ட்ரோசெரா. நான் சொல்வது மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள, சிவந்த கண் கொண்ட ட்ரோசோஃபிலாக் கூட்டத்தை. அதில் எது எந்த இனம் என்று படத்தை வைத்துச் சொல்வதுதான் சிக்கல்.

போனில் கவ்விக்கொள்ளும் மேக்ரோ லென்ஸ் மலிவு, ஈயும் சாகாது. ஆனால் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் பழம் ஆடும், கை ஆடும், மிஞ்சுவது மங்கலான முதுகுப் படம். முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் ஸாப்ரியோனஸ் என்ற உறவு ஈக்கு அந்தப் படமே போதும். மற்றவற்றுக்குப் போதாது. பெயர் சொல்லும் ஆப்பிடம் கொடுத்தால் என் படங்களில் பாதிக்கு, ட்ரோசோஃபிலாவில் பேர்போன இனமான ‘மெலனோகாஸ்டர்’ என்கிறது.

எனக்குப் பிடித்தது போத்தல் வழிதான். ஜாம் போத்தலில் கனிந்த கதலி ஒரு துண்டு, வாயில் கடதாசிப் புனல். ஈ சேர்ந்ததும் ஃபிரிட்ஜில் சில நிமிடம். (ஒருமுறை அவசரத்தில் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன், எல்லாம் கால் சுருண்டு செத்துப்போயின.) மயங்கியதை வெள்ளைத் தாளில் கொட்டினால், எழும்பிப் பறக்கும் முன் கொஞ்ச நேரம் கிடைக்கும். மெல்லிய தூரிகையால் பக்கவாட்டில் புரட்டி முன்காலைப் பிடிக்க வேண்டும். மெலனோகாஸ்டருக்கும் அதன் உறவினமான அனனாசேவுக்கும் ஆணின் பாதத்தில் கறுப்பு முட்களாலான சீப்பு உண்டு. மெலனோகாஸ்டருக்கு முதல் கணுவில் நீளவாக்கில் ஒற்றை வரிசை. அனனாசேவுக்குக் குறுக்குவாக்கில் பல சின்ன வரிசைகள். வாலும் வெளிறியிருக்கும், மெலனோகாஸ்டர் ஆணைப் போலக் கறுத்திருக்காது.

அப்புறம் நுண்நோக்கி. கண்வில்லையில் போனை வைத்துப் படமெடுக்கலாம், ஆனால் அதற்கு யாருடைய ஆய்வுகூடக் கதவையாவது தட்ட வேண்டும். மெலனோகாஸ்டரா, அதைப் போலவே இருக்கும் சிமுலன்ஸ் இனமா என்ற கேள்விக்கு மட்டும் நான் அங்கே போவேன். ஆணின் வால் நுனியில் உள்ள மடல் முன்னதில் ஒடுங்கிய கொக்கி, பின்னதில் அகன்ற சிப்பி. வேறு வழியில் படத்தை வைத்து இவற்றைப் பிரித்ததாகச் சொன்னால் நம்பமாட்டேன்.

பெண் ஈ மட்டும் அகப்பட்டால் ‘மெலனோகாஸ்டர் இனக்கூட்டம், பெண்’ என்று எழுதி விட்டுவிடுவேன். போத்தலை மறுபடி கொய்யாவின் கீழே வைத்தால் ஓர் ஆண் வராமலா போகும்?