விமானிக்குக் கையில் எந்த வாட்ச், காலில் எந்த ஷூ?

விமானப் பயிற்சியில் சேர்ந்த பிள்ளைகள் யாராவது என்னைப் பார்க்க வந்தால், பத்து நிமிடத்துக்குள் பேச்சு வாட்சில் வந்து நிற்கும். "அண்ணா, ஜிஎம்டி வாட்ச் வாங்கட்டுமா? இல்ல கார்மின் ஸ்மார்ட்வாட்ச் வாங்கிடட்டுமா?" வீட்டில் எவ்வளவு கேட்கலாம் என்று கணக்குகூடப் போட்டு வைத்திருப்பார்கள். எந்த ஷூ வாங்கலாம் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் பறக்கக் கற்றவன், இப்போது ஏ320 என்ற பயணிகள் ஜெட்டில் துணை விமானி. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இருக்கிற பணத்தில் முக்கால்வாசியை ஷூவுக்கு ஒதுக்கு, மிச்சத்தில் வாட்ச் வாங்கு.

வாட்சிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லோருக்கும் ஆசை.

காக்பிட்டில் கடிகாரத்துக்குப் பஞ்சமில்லை. ஏ320-இன் முகப்பிலேயே யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், ஓடிக்கொண்டிருக்கும். வினாடி எண்ண வேண்டுமென்றால் அதற்கும் பொத்தான் உண்டு. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விமானத்தில் வினாடி காட்டும் கடிகாரம் பொருத்தியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படியானால் கையில் இருப்பதற்கு என்ன வேலை? இரண்டு வேலை. ஒன்று, விமானத்துக்கு வெளியே. ஃப்ளைட் பிளான், வானிலை அறிக்கை, நோட்டாம் என்ற விமானிகளுக்கான அறிவிப்பு, பறந்த கணக்கு எழுதும் லாக்புக் எல்லாமே யூடிசி-யில் இருக்கும். ஹோட்டல் அறையிலும், பறப்புத் திட்டம் தயாராகும் டிஸ்பேட்ச் மேஜையிலும் அந்த நேரம் சட்டென்று தெரிய வேண்டும். இன்னொன்று, பயிற்சிக் காலத்தில். ஹோல்டிங்கில், அதாவது முறை வரும்வரை வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும்போது, ஒரு நிமிடம் நேராகப் போய்த் திரும்ப வேண்டும். திசைகாட்டிக் கருவி போய்விட்டது என்று வைத்துக்கொண்டு நேரத்தை வைத்துத் திரும்பிப் பழகும்போது, வினாடிக்கு 3 டிகிரி வீதம் 180 டிகிரிக்குச் சரியாக 60 வினாடி. பழைய பயிற்சி விமானத்தில் பேனல் கடிகாரம் ஓடாமல் இருந்தால் மணிக்கட்டைத்தான் பார்க்க வேண்டும்.

விமானி வாட்ச் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரோலக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர். நீண்ட தூரம் பறந்த பான் ஆம் என்ற அமெரிக்க ஏர்லைனின் விமானிகளுக்காக 1950-களில் உருவானது. சாதாரண முட்களோடு 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும் கூடுதல் முள் ஒன்று, அதைப் படிக்க வெளி வளையத்தில் 24 எண்கள். லண்டனிலிருந்து நியூயார்க் போகிறவருக்கு அருமையான ஏற்பாடு. இரண்டு ஊருக்கும் முழு மணிக்கணக்கில்தான் வித்தியாசம்.

நம் ஊரில் அதுதான் இடிக்கிறது. இந்திய நேரமும் இலங்கை நேரமும் யூடிசி-யைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜிஎம்டி வாட்சில் மணி முட்கள் இரண்டு, நிமிட முள் ஒன்றுதான். அதை இந்திய நேரத்துக்கு வைத்தால் யூடிசி அரை மணி தப்பும், யூடிசி-க்கு வைத்தால் இந்திய நேரம் தப்பும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வாட்சில் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் முப்பது நிமிடத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டும். நேபாளத்துக்கு ஐந்தே முக்கால், அங்கே இன்னும் சிரமம். தோஹா, துபாய், சிங்கப்பூர் என்று வேறு நாட்டு ஏர்லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் ஆசைப்பட்டால் தாராளமாக வாங்கலாம்.

அதே அரை மணி நமக்கு ஒரு வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. இந்திய நேரம் காட்டும் முள் வாட்சைத் தலைகீழாகத் திருப்பிப் படித்தால் யூடிசி வந்துவிடும். பகல் 12 மணிக்குத் திருப்பிப் பாருங்கள், இரண்டு முள்ளும் 6-இல் நிற்கும்: ஆறரை. அப்போது யூடிசி 06:30. எந்த முள் வாட்சிலும் இது நடக்கும், பரணில் கிடக்கும் ஹெச்எம்டி-யிலும்கூட. எங்கள் தாத்தா கட்டியிருந்த ஹெச்எம்டி பைலட், கறுப்பு டயல், தினமும் சாவி கொடுக்க வேண்டியது, அதில்தான் முதன்முதலாக இதைச் செய்து பார்த்தேன்.

ஆனால் வேலைக்கு இதை நம்ப மாட்டேன். தலைகீழாகப் படிக்கும்போது மணி முள் அரைக்கட்டம் பின்தங்கி நிற்கும். தூக்கக் கலக்கத்தில் 9-ஆ 10-ஆ என்று தடுமாற இடம் உண்டு. தேதியும் தெரியாது. இரவு விமானத்தில் அதுதான் பெரிய சிக்கல். 12-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 01:20-க்குக் கிளம்பினால் யூடிசி-யில் 11-ஆம் தேதி 19:50. லாக்புக்கில் தேதி ஒரு நாள் தள்ளி எழுதிவிட்டுப் பிறகு அடித்துத் திருத்துவது எல்லோருக்கும் நடக்கும்.

இங்கேதான் சில ஆயிரம் ரூபாய் கேஸியோ ஜெயிக்கிறது. ஏஇ-1200 என்ற மாடலில் உலக வரைபடம் சின்னதாக இருக்கும், யூடிசி-யையும் டெல்லியையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். 24 மணிக் கணக்கு, ஸ்டாப்வாட்ச், டைமர், 100 மீட்டர் தண்ணீர்த் தாங்கும் திறன், பத்து வருட பேட்டரி. குவார்ட்ஸ் என்பதால் மாதத்துக்கு அரை நிமிடத்துக்குள்தான் தப்பும். சான்றிதழ் பெற்ற சுவிஸ் மெக்கானிக்கல் வாட்சுக்கே அனுமதி ஒரு நாளைக்கு 4 வினாடி பின், 6 வினாடி முன். ஒரு மாதம் திருத்தாமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். கேஸியோவின் குறை, இரவில் பொத்தானை அழுத்தினால்தான் வெளிச்சம். இருட்டில் தானாக மினுங்கும் முட்கள் அதற்கு இல்லை.

மெக்கானிக்கல் வாட்சுக்கு நம் காலத்தில் இன்னொரு பகையும் வந்திருக்கிறது. விமான வரைபடங்களை இப்போது ஐபேடில் பார்க்கிறோம். அதன் உறையிலும் தாங்கியிலும் காந்தம் இருக்கும். அதன் பக்கத்திலேயே மணிக்கட்டு நாள் முழுக்கப் புழங்கினால் வாட்சின் மெல்லிய சுருள்வில் காந்தமேறி, நேரம் வேகமாக ஓடத் தொடங்கும். என்னுடன் பறக்கும் கேப்டன் ஒருவரின் ஆட்டோமேட்டிக் வாட்ச் அப்படித்தான் திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் முந்தியது. கடைக்காரர் காந்தத்தை நீக்கியதும் சரியாகிவிட்டது.

பிரைட்லிங் நாவிடைமர் பற்றியும் கேட்பார்கள். 1952-இல் வந்தது, சுற்றிலும் கணக்குப் போடும் வட்ட அளவுகோல். வேகம், தூரம், எரிபொருள் எல்லாம் அதில் போடலாம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தப் பொடிக் கோடுகளைக் குலுங்கும் செஸ்னாவில் படிக்க முடியாது. அதே அளவுகோலைக் கைக்கு அடக்கமாகப் பெரிதாகச் செய்த ஃப்ளைட் கம்ப்யூட்டர் உங்கள் பயிற்சிப் பையிலேயே இருக்கும். ரேடியோ சிக்னலில் தானாகத் திருத்திக்கொள்ளும் ஜப்பானிய வாட்சுகளும் உண்டு. ஜப்பான், சீனா, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா நிலையங்களின் சிக்னல் அவை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். ஜிபிஎஸ்-இல் திருத்திக்கொள்பவை இங்கேயும் வேலை செய்யும்.

ஸ்மார்ட்வாட்சை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். கார்மின் டி2 வகையில் பக்கத்து விமான நிலையம், அங்கத்திய வானிலை எல்லாம் வரும். அதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குள் இருக்கும் காற்றழுத்தமானி. 36,000 அடியில் பறக்கும்போது அது காட்டுவது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்கு ஈடான உயரத்தை, பெரும்பாலும் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடிக்குள். 2005-இல் சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் 737-இல் கேபின் அழுத்தம் ஏறவில்லை. எச்சரிக்கை ஒலித்தது, விமானிகள் அதை வேறொன்றாக எடுத்துக்கொண்டார்கள், பிராணவாயு குறைந்து நினைவிழந்தார்கள். ஏதென்ஸ் அருகே 121 பேர் இறந்தார்கள். கேபின் உயரம் ஏறும்போது மணிக்கட்டில் ஒரு அதிர்வு என்பது அதை நினைத்தால் சாதாரண வசதியாகத் தெரியவில்லை. எதிர்ப்பக்கம், சார்ஜ். நான்கு நாள் ட்ரிப்பில் சார்ஜரை மறந்தால் வெறும் வளையல்தான். வாட்ஸ்அப் அறிவிப்புகளைக் கிளம்பும் முன்பே அணைத்துவிட வேண்டும். 10,000 அடிக்குக் கீழே விமானம் ஓட்டுவதைத் தவிர வேறு எதற்கும் கவனம் போகக் கூடாது.

சரி, வாட்ச் போதும். ஷூவுக்கு வருவோம்.

ரட்டர் பெடலின் கீழ்ப்பகுதியைத் தள்ளினால் வால்பக்கத்து ரட்டர், அதாவது மூக்கை இடமோ வலமோ திருப்பும் பலகை, திரும்பும்; மேல்பகுதியை விரலால் அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கர பிரேக் பிடிக்கும். ஒரே பெடல், இரண்டு வேலை. குதிகால் தரையில் இருக்கும் வரை நீங்கள் ரட்டரில் இருக்கிறீர்கள். பாதம் கொஞ்சம் மேலே ஏறினால் பிரேக்கில் இருக்கிறீர்கள். எங்கே இருக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஷூவின் அடிப்பாகம் வழியாகத்தான் தெரிய வேண்டும்.

பயிற்சியில் எனக்கு இது தெரியாமல் போன நாள் ஒன்று உண்டு. மழைக்காலம், விமானங்கள் நிறுத்தும் ஏப்ரன் முழுக்கச் சேறு, நான் தடித்த அடி வைத்த ட்ரெக்கிங் ஷூ போட்டுப் போயிருந்தேன். பக்கக்காற்று. தரை தொட்டதும் மூக்கு இடப்பக்கம் போக, வலது பெடலைத் தள்ளினேன். ரட்டரோடு பிரேக்கும் சேர்ந்து பிடித்தது. விமானம் வலப்பக்கம் வெட்டி இழுத்து, டயர் கிறீச்சிட்டது. பயிற்றுநர் பிடித்துச் சரிசெய்தார். ஓடுதளத்தை விட்டு வெளியே போகவில்லை. நிறுத்திய பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "உன் கால் எங்க இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியல சார்."

ஷூவைக் கழற்றச் சொன்னார். எஞ்சின் அணைத்த விமானத்தில் சாக்ஸோடு உட்கார்ந்து பெடலை மிதித்தேன். பெடல் விளிம்பும், எங்கே பிரேக் மடங்கத் தொடங்குகிறது என்பதும் பாதத்தில் அப்படியே தெரிந்தது. கீழே இறங்கிப் பார்த்தால் வலது டயரில் உள்ளங்கை அளவு ரப்பர் தேய்ந்து பளபளத்தது.

ஆகவே பயிற்சிக்கு: மெல்லிய, தட்டையான அடி. பழைய கேன்வாஸ் ஷூ, ஓடுவதற்கான மெத்தை ஷூவைவிட எவ்வளவோ மேல். குதிகாலில் பஞ்சு வைத்த ரன்னிங் ஷூ நடக்கச் சுகம், பெடலில் மந்தம். செஸ்னாவின் பெடல்கள் நெருக்கமானவை, அகலமான ஷூ பக்கத்தில் இடிக்கும். உயரம் குறைந்தவர்கள் தடித்த அடியை வைத்து எட்டப் பார்க்கிறார்கள். அதற்கு முதுகுக்குப் பின்னால் குஷன் வையுங்கள். செருப்பு, சாண்டல் வேண்டவே வேண்டாம்.

ஏர்லைனுக்கு வந்தால் கறுப்பு ஃபார்மல் கட்டாயம். போட்டி அதற்குள்தான். தோல் அடி வைத்த, கயிறு கட்டும் ஆக்ஸ்ஃபோர்டு ஷூ பார்க்கக் கம்பீரம், பெடலில் உணர்வும் நன்றாக இருக்கும். ஆனால் மழையில் நனைந்த இரும்புப் படியில் வழுக்கும். வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்க இறங்கியவர்களுக்கு அது தெரியும். கயிறில்லாத லோஃபர் கழற்றி மாட்ட எளிது, நீண்ட பயணத்தில் கால் வீங்கும்போது நிம்மதி. ஆனால் அவசரமாகச் சறுக்கி இறங்க வேண்டி வந்தால் காலில் நிற்காது. எரியும் விமானத்தின் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்க நேரிடும். அதனால் லோஃபரை நான் ஏற்பதில்லை. இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ மெக்கானிக்குகளுக்கு அவசியம். விமானிக்கு கனம், பெடலில் மரக்கட்டை, பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு முறையும் பீப். பீப் அடிப்பது சில சாதாரண ஷூக்களிலும் உண்டு, உள்ளே இரும்புத் தகடு இருந்தால்.

ஆஸ்திரேலிய விமானிகள் பலர் இருபக்கமும் எலாஸ்டிக் வைத்த கணுக்கால் பூட்ஸ் போடுவார்கள். கயிறு இல்லை, கழன்று விழாது, கணுக்காலையும் மூடும். கயிற்று நுனி தொங்கி பெடலில் சிக்கும் பயமும் இல்லை. எல்லாப் பக்கமும் நல்ல யோசனை, நம் மே மாத ஏப்ரன் வெயில் ஒன்றைத் தவிர. பெங்களூரில் இருப்பவருக்குச் சொல்வேன், சென்னையில் இருப்பவருக்குத் தயங்குவேன்.

என் ஓட்டு மெல்லிய ரப்பர் அடி வைத்த, கயிறு கட்டும் டெர்பிக்கு. அசல் தோல்தான் வேண்டும். செயற்கைத் துணியும் பிளாஸ்டிக்கும் தீயில் உருகிப் பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்துக்காக நைலான் சாக்ஸையும் தவிருங்கள். ஆழமான பற்கள் கொண்ட அடி வேண்டாம், ஏப்ரனில் கிடக்கும் கல் அதில் மாட்டி உள்ளே வரும். கயிற்றின் நுனியைக் கட்டிய பிறகு உள்ளே சொருகிவிடுங்கள்.

பெண் விமானிகள் உயரமான குதி வைத்த யூனிபார்ம் ஷூவைத் தவிர்ப்பது நல்லது. குதிகாலை ஊன்றித்தான் பாதம் சுழல வேண்டும். குதி உயர்ந்தால் விரல் பிரேக்கை நோக்கிச் சாயும், எனக்கு அந்த ட்ரெக்கிங் ஷூவில் நடந்ததுபோல. நம் நாட்டில் பெண் விமானிகளின் விகிதம் உலக சராசரியைவிட நன்றாகவே அதிகம். ஆனாலும் அவர்களுக்கென்று சரியான அளவில், தட்டையான கறுப்புத் தோல் ஷூ தேடுவது இன்னமும் சிரமமாகத்தான் இருக்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

வாங்குவதற்கு நான் ஆம்பூர் போகிறேன். வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஊர். பெங்களூர் நெடுஞ்சாலைக் கடைகளில் நல்ல தோல் ஷூ நியாயமான விலைக்குக் கிடைக்கும். கடையில் நின்று பார்த்தால் போதாது. தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல் பக்கத்தைச் சுவரில் வைத்து அழுத்திப் பாருங்கள். அடிப்பாகம் முன்பாதத்தில், விரல்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே மடங்க வேண்டும். பிறகு ஸ்டூலின் காலை ஷூ விளிம்பால் தடவிப் பாருங்கள், விளிம்பு எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று. சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், பறக்கும்போது இருக்கும் அளவு அதுதான். புது ஷூவோடு நேராகப் பறக்கப் போகாதீர்கள். நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் ஏறி, இரண்டு பெடலையும் கடைசி வரை தள்ளி, பிரேக்கைப் பிடித்து விட்டு, ஒரு பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள்.