டிஆர்எல்லுக்கு ஒரு ஆஃப் சுவிட்ச் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மைலேஜ், பூட் அளவு, ஏசி பற்றியெல்லாம் எல்லோரும் எழுதி ஓய்ந்தாச்சு. கார் புக் பண்ணப்போகிற நண்பர் அவற்றை விட்டுவிட்டு, "டிஆர்எல்லை அணைக்க முடியுமா?" என்று கேட்டார். சரியான ஆள். நாலு வருஷம் ஓட்டிய பிறகும் என் வண்டியில் பழகிப்போகாத ஒரே விஷயம், ஸ்டார்ட் பண்ணியதும் பகலிலும் முன்னால் தானாக எரியும் அந்த டேடைம் ரன்னிங் லைட்தான்.

பகலில் அது நல்ல விளக்கு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புளியமரம் வரிசைகட்டிய இருவழிச் சாலையில் நிழலும் வெயிலும் மாறி மாறி விழும்போது, எதிரே வரும் சாம்பல் நிறக் கார் கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படும். டிஆர்எல் எரிந்தால் வெகு முன்னாலேயே தெரியும். லாரியை முந்தலாமா வேண்டாமா என்பதை அந்த ஓரிரு விநாடிதான் முடிவு பண்ணுகிறது. கரண்ட் செலவும் பெரிதில்லை. எல்இடி என்றால் பக்கத்துக்குப் பத்து வாட் வாக்கில்தான். பகலில் ஹாலஜன் லோ பீமை எரித்தால் இரண்டுக்கும் சேர்த்து 110 வாட். அதனால் "அணைத்தால் மைலேஜ் ஏறுமா" என்று கேட்காதீர்கள், ஏறாது.

கடுப்பெல்லாம் ராத்திரியில். யாரையோ ஏற்றிக்கொள்ளத் தெருவில் நிற்கிறோம், இன்ஜினும் ஏசியும் ஓடுகிறது, லைட் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது. ஆனாலும் இரண்டு வெள்ளைக் கோடுகள் எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவர் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். ஐ.நா. வாகன விதி 87-இன்படி ஒரு டிஆர்எல்லின் ஒளிச்செறிவு 400 முதல் 1200 கேண்டெலா. உச்சி வெயிலில் தெரிவதற்கு வைத்த அளவு அது. இருட்டில் கூசத்தான் செய்யும்.

"ரூல் அப்படித்தான் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளக்குகளைப் பொருத்துவதற்கான ஐ.நா. விதி 48, ஆட்டோமேட்டிக் கியர் 'பி'யில் இருந்தாலோ, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலோ, ஸ்டார்ட் ஆகி வண்டி இன்னும் நகராமல் இருந்தாலோ டிஆர்எல் அணைந்திருக்கலாம் என்கிறது. 2011 பிப்ரவரியிலிருந்து புதிய கார் மாடல்களுக்கு டிஆர்எல்லைக் கட்டாயமாக்கிய ஐரோப்பாவிலேயே இந்தச் சலுகை உண்டு. இங்கே 2017 ஏப்ரலில் ஹெட்லைட் தானாக எரியவேண்டும் என்று வந்த கட்டாயம் டூவீலருக்குத்தான். ஆக, கையைக் கட்டிப்போட்டது சட்டம் இல்லை, வண்டியை வடிவமைத்தவரின் சோம்பல்.

சரி, வழிகள். முதலில் காசில்லாதது. ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். சில கார்களில் பிரேக்கை விடும்வரை டிஆர்எல் வராது. வரிசை மாறக்கூடாது, விளக்கு வந்த பிறகு இழுத்தால் பல வண்டிகள் கண்டுகொள்ளாது. பழைய ஸ்கோடாக்கள் சிலவற்றில், இக்னிஷன் போட்ட 3 விநாடிக்குள் இண்டிகேட்டர் தண்டை ஸ்டியரிங் பக்கம் இழுத்து, அப்படியே கீழே அழுத்தி 3 விநாடி பிடித்தால் அணையும். மேலே தள்ளிப் பிடித்தால் திரும்ப வரும். இரண்டுமே இல்லையென்றால் லைட் சுவிட்சை பார்க் லைட்டுக்குத் திருப்புங்கள். பெரும்பாலான எல்இடி செட்டில் டிஆர்எல்லும் பார்க் லைட்டும் ஒரே எல்இடிதான், வெளிச்சம் மட்டும் சட்டென்று குறையும். தெருவில் காத்து நிற்க இதுவே போதும், பின்விளக்கும் எரிவதால் பாதுகாப்பும் கூட.

அடுத்தது கோடிங். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் எம்க்யூபி என்ற பொது அடித்தளத்தில் கட்டிய கார்களில் 09 எண்ணுள்ள சென்ட்ரல் எலக்ட்ரிக்ஸ் கன்ட்ரோலருக்குள் 'ஹேண்ட் பிரேக் போட்டால் டிஆர்எல்லை அணை' என்றே ஒரு வரி தூங்கிக்கொண்டிருக்கும். காரின் ஓபிடி சாக்கெட்டில், அதாவது கம்ப்யூட்டரோடு பேசும் இணைப்பில், ஸ்கேனர் மாட்டி அதை எழுப்பினால் போதும். சாஃப்ட்வேரில் வைத்துவிட்டு மெனுவில் காட்டாமல் விடுவதற்கு என்ன பெயர் வைப்பது? மாற்றுவதற்கு முன் பழைய மதிப்பைப் போட்டோ எடுத்து வையுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் சார்ஜர் மாட்டிவிட்டுச் செய்யுங்கள், எழுதும்போது பாதியில் வோல்ட்டேஜ் விழுந்தால் வேறு தலைவலி.

ஃப்யூஸ் பிடுங்குவது எளிது, ஆனால் மேனுவலில் அந்த எண்ணுக்கு எதிரே வேறென்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். வேறு சர்க்யூட்டும் அதில் தொங்கினால் அதுவும் சேர்ந்து போகும். புதுக் கார்கள் பலவற்றில் பிசிஎம் (விளக்கு, வைப்பர் போன்றவற்றை இயக்கும் பாடி கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) நேரடியாக எல்இடிக்கு சப்ளை கொடுப்பதால் தனி ஃப்யூஸே இருக்காது. திரும்ப மாட்டும்போது அதே ஆம்பியர்: பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15.

ஒயரை வெட்டித் தனி சுவிட்ச் போடுகிறேன் என்று வரும் ஆளிடம் ஒன்று கேளுங்கள்: எந்த ஒயரை? டிஆர்எல்லுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபீடை விட்டுவிட்டு எர்த்தை வெட்டினால் பார்க் லைட்டும் சேர்ந்து சாகும். ரிலே போடுவதானால் ஃபீடை ரிலேயின் 30, 87ஏ பின்களுக்கு இடையில் கொடுக்க வேண்டும், காயிலில் கரண்ட் இல்லாதபோது சேர்ந்திருப்பவை அவை. அப்போதுதான் ரிலே காயில் போனாலும் விளக்கு எரிந்தபடியே இருக்கும். பல்ப் செக் பண்ணும் பிசிஎம் என்றால் டேஷில் எச்சரிக்கை வரும், வாரண்டியிலும் கை வைப்பார்கள். டிஆர்எல் செத்தால் பல மாடல்களில் எல்இடி மட்டும் தனியாகக் கிடைக்காது, மொத்த ஹெட்லைட் அசெம்பிளியும்தான். வாரண்டியை இதற்காக இழப்பது அறிவீனம்.

இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்க டிஆர்எல் அணைகிறதே, ரிப்பேரா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தால் வெள்ளை வெளிச்சத்தில் ஆரஞ்சு தெரியாது, அதனால் வேண்டுமென்றே அணைக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. டிஜிட்டல் மீட்டர் எப்போதும் ஒளிர்கிறது, முன்னால் ரோட்டில் டிஆர்எல் வெளிச்சம் விழுகிறது. ஊருக்குள் தெருவிளக்கும் இருந்தால் ஹெட்லைட் போட்டதாகவே மனசு நம்பிவிடும். பின்னாலோ ஒரு விளக்கும் இல்லை. 1990 முதல் டிஆர்எல்லைக் கட்டாயமாக வைத்திருக்கும் கனடாவே இந்தப் பிரச்சினைக்காக விதியைத் திருத்தியது. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே வரும் புதுக் கார்களில் டிஆர்எல்லோடு பின்விளக்கும் எரிய வேண்டும், இல்லையென்றால் இருட்டானதும் எல்லா விளக்கும் தானாக வர வேண்டும், அதுவும் இல்லையென்றால் டேஷ் இருண்டு டிரைவரை உஷார்ப்படுத்த வேண்டும். இங்கே ஆட்டோ ஹெட்லைட் டாப் வேரியண்டில்தான். டிஆர்எல்லை மட்டும் அழகுக்காகக் கீழ் வேரியண்டிலும் ஒட்டிவிடுகிறார்கள்.

ஆகவே நண்பருக்குப் பதில்: ஆட்டோ ஹெட்லைட் இருக்கும் வேரியண்ட் என்றால் அணைக்காதீர்கள், அப்படியே விடுங்கள், அருமையான விளக்கு. இல்லாத வேரியண்ட் என்றால் டெலிவரி எடுக்கும் அன்றே ஃப்யூஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். என் வண்டியில் அது 10 ஆம்பியர் சிவப்பு, டிஆர்எல்லுக்கு மட்டுமானது. இப்போதைக்கு குளோவ் பாக்ஸில் செலோடேப் ஒட்டிக் கிடக்கிறது. ஹைவேயில் நெடுந்தூரம் போகும் அன்று மட்டும் திரும்ப ஏறும்.