1,490 ரூபாய் மாடித்தோட்ட கிட்: 14 மாதத்துக்கு அப்புறம் ஒரு கணக்கு

பார்சல் வந்த மறுநாளே பிரித்துப் பார்த்து ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் படித்துத்தான் நானும் இந்த கிட்டை வாங்கினேன். அதனால் நான் எழுதும்போது ஒரு வருஷமாவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று வைராக்கியமாக இருந்தேன். கடைப் பெயர் வேண்டாம். இதே மாதிரி கிட்டை ஆன்லைனில் நிறையப் பேர் விற்கிறார்கள், அட்டைப்பெட்டிப் படத்தில் எல்லோருக்கும் அதே சிவப்புத் தக்காளிதான்.

உள்ளே இருந்தவை: 12-க்கு 12 அங்குல க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) பத்து, 5 கிலோ கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டி ஒன்று, மண்புழு உரம் 5 கிலோ, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ, வேப்பெண்ணெய் 100 மில்லி, விதைப் பொட்டலம் பன்னிரண்டு, பொம்மைக் கடையில் வாங்கினது மாதிரி ஒரு குட்டிக் கரண்டி. டெலிவரி இலவசம் என்றார்கள். அந்தக் கட்டி கனத்துக்கு அது எப்படி இலவசமாகும், விலையில் ஏற்றியிருப்பார்கள்.

எங்கள் வீடு திருச்சியில், முதல் மாடி, வாடகை. மொட்டை மாடி ஓனர் அம்மாவுடையது. அனுமதி கேட்கப் போனபோது, "வையி கண்ணு, ஆனா கீழ ஒழுகுச்சுன்னா நீதான் பாத்துக்கணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதனால் பை ஒவ்வொன்றுக்கும் அடியில் மூன்று உடைந்த செங்கல் வைத்தேன். இந்த யோசனை கிட்டோடு வந்த தாளில் இல்லை. பையை அப்படியே தரையில் வைத்தால் அடியில் இருக்கிற ஓட்டை அடைத்துக்கொள்ளும், வேர் அழுகும், தளத்தில் பாசி பிடிக்கும்.

இப்போது முக்கியமான குறைக்கு வருகிறேன். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் கொண்ட உருண்டைப் பை ஒன்றில் ஏறக்குறைய 22 லிட்டர் பிடிக்கும். முக்கால் பாகம் நிரப்பினால் போதும் என்று வைத்தாலும் 16 லிட்டருக்கு மேல் வேண்டும். பத்துப் பைக்கு 160 லிட்டர். ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்து உதிர்த்தால் 70 லிட்டர் வந்தால் பெரிய விஷயம், மண்புழு உரம் ஐந்து கிலோவையும் கொட்டிக் கலந்தாலும் 80-ஐத் தாண்டாது. அதாவது பத்துப் பை கொடுத்துவிட்டு ஐந்து பைக்குத்தான் சரக்கு கொடுத்திருக்கிறார்கள். படத்தில் பத்துப் பையும் தளும்பத் தளும்ப நிற்கின்றன. இது தெரியாமல் செய்த தப்பு என்று என்னால் நம்ப முடியவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். "விவரத்தில் கோகோபீட் ஒன்று என்றுதானே போட்டிருக்கிறோம் மேடம்" என்று பதில் வந்தது. வாஸ்தவம்தான், ஒன்று என்றுதான் போட்டிருந்தார்கள். சமாதானத்துக்கு 100 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள். அது செல்லுபடியாக 999 ரூபாய்க்கு மேல் சாமான் வாங்க வேண்டுமாம். சிக்கனத்துக்காகத் தோட்டம் போட வந்தவளிடம் இந்தக் கூப்பனை நீட்டியவர் யாரோ, அவருக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி.

கட்டியைப் பற்றி இன்னொரு விஷயம். உறையில் 'கழுவியது' என்று இருந்தது. பெரிய பிளாஸ்டிக் டப்பில் போட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன், பத்து நிமிஷத்தில் உப்பி மேலே வந்துவிட்டது, தண்ணீர் காபி டிகாஷன் நிறம். என் மாமியார் பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னைக்கு நடுவில் வளர்ந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "கரிக்குதேம்மா, ரெண்டு மூணு தண்ணி அலசிடு" என்றார். நான் கேட்கவில்லை. உறையில் அச்சடித்ததை நம்பினேன். அரைக்கீரை விதைத்து ஐந்தாம் நாள் பச்சைப் புள்ளியாக முளைத்தது, பத்தாம் நாள் இலை நுனியெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பு. தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும், நன்றாக அலசாவிட்டால் பிஞ்சு வேர் தாங்காது. எல்லாவற்றையும் திரும்ப டப்பில் கொட்டி மூன்று தண்ணீர் அலசி, பழைய வேட்டியில் கட்டிப் பிழிந்து, மறுபடி நிரப்பினேன். இரண்டு வாரம் வீண். மாமியார் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பைகளைக் குறை சொல்ல மாட்டேன். திருச்சி வெயிலில் 14 மாதம் கிடந்தும் பத்தில் எட்டு அப்படியே இருக்கின்றன. ஒன்றுக்குக் கைப்பிடித் தையல் விட்டுவிட்டது (ஈரத்தோடு தூக்கியது என் தப்பு), இன்னொன்று அணில் கடித்தது. இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வெள்ளை அரிசிச் சிப்பப் பையிலும் செடி வைத்தேன், காசு மிச்சம் என்று. ஐந்து மாதத்தில் தொட்டால் தூளாக உதிர ஆரம்பித்தது, பிளாஸ்டிக் நார் மண்ணோடு கலந்து பொறுக்கி எடுக்கவே ஒரு நாள் போனது. அந்தச் சிக்கனம் வேண்டாம்.

விதைகள்தான் மோசம். நல்ல விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பெயர், முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் இருக்கும். இதில் வெறும் 'தக்காளி', 'வெண்டை' என்று ஸ்டிக்கர். வெண்டை பத்துப் போட்டதில் எட்டு வந்தது, சரி. குடைமிளகாய் ஒன்றுகூட வரவில்லை. கேரட்டும் பீட்ரூட்டும் வேறு கொடுத்திருந்தார்கள், சித்திரை மாதத்துத் திருச்சிக்கு! ஊட்டிக்கும் திருச்சிக்கும் ஒரே பொட்டலம் அனுப்புகிறார்கள் போல. கொத்தமல்லியும் வெந்தயமும் ஆளுக்குப் பத்து கிராம் இருந்தன. இந்த இரண்டும் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிற சாமான், காசு கொடுத்து விதையாக வாங்க வேண்டியதே இல்லை. தனியாவை மட்டும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். பெரியகுளம் தக்காளி பி.கே.எம்.1, வெண்டையில் அர்கா அனாமிகா என்று ரகத்தின் பெயர் சொல்லி விதைக் கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள், நான் இரண்டாவது போகத்துக்கு அப்படித்தான் வாங்கினேன். புதினாவுக்கு விதையே வேண்டாம், சந்தையில் வாங்கிய கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை ஊன்றினால் முடிந்தது. பொன்னாங்கண்ணியும் அப்படியே.

வேப்பெண்ணெய் நல்ல சரக்கு, ஆனால் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதந்தது. லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், கூடக் கொஞ்சம் சோப்புக் கரைசல், அப்போதுதான் கலங்கும். இதையும் தாளில் எழுதவில்லை. வெண்டையில் மாவுப்பூச்சி வந்தபோது பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு இதை அடித்தேன், மூன்று தடவையில் அடங்கியது.

சரி, பணம். நான் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். தோட்டத்துக்குக் கடைசி நாலு பக்கத்தை ஒதுக்கினேன். கிட் 1,490. கூட வாங்கிய கோகோபீட் கட்டி இரண்டு 380. செம்மண் மூன்று மூட்டை 210. தொழு உரம் இரண்டு மூட்டை 200. மே மாதத்தில் எல்லாம் வாடியதும் ஓடிப்போய் வாங்கிய பச்சை நிழல்வலை 740. ஆக 3,020 ரூபாய். தண்ணீர் தனி, மே மாதத்தில் தினம் மூன்று வாளி போனது. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர், காய் அலசின தண்ணீர் எல்லாம் அங்கேதான், இருந்தும் பற்றவில்லை.

வரவை தென்னூர் உழவர் சந்தை விலைக்குத்தான் போட்டேன். சூப்பர் மார்க்கெட் விலைக்குப் போட்டால் லாபம் மாதிரி தெரியும், ஆனால் நாங்கள் அங்கே காய் வாங்குவதில்லையே. முதல் 12 மாதத்தில்: கீரை 92 கட்டு, கட்டு 15 என்று 1,380. வெண்டை 11 கிலோ 440. கத்தரி 9 கிலோ 360. பச்சை மிளகாய் இரண்டரைக் கிலோ 150. புதினாவும் கொத்தமல்லியுமாக 400. தக்காளி 4 கிலோ, 120 ரூபாய். மொத்தம் 2,850. முதல் வருஷம் 170 ரூபாய் நஷ்டம், அதுவும் தினம் அரை மணி நேரம் மாடியில் நின்றதுக்குக் கூலி போடாமல். கூலி போட்டால் கதை கந்தல்.

தக்காளியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் கிட் வாங்கியதே அதற்காகத்தான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குப் போட்டார்களே, அப்போது விழுந்த ஆசை. நம் மாடியில் நாலு செடி இருந்தால் யாரையும் கெஞ்ச வேண்டாமே என்று. நடந்தது என்ன? கோடை வெயிலில் பூத்த பூவெல்லாம் கொட்டிவிட்டது. ஆடியில் மறுபடி நாற்று விட்டு வளர்த்த செடி பழுத்தது மார்கழி, தை மாதத்தில். அந்த நேரம் சந்தைக்குப் போனால் கிலோ முப்பதுக்குக் குவித்து வைத்திருக்கிறார்கள். விலை ஏறும் மாதத்தில் என் செடியும் காய்க்கவில்லை, விவசாயி செடியும் காய்க்கவில்லை, அதனால்தானே விலையே ஏறுகிறது! இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்கு 22 லிட்டர் பை நாலு செலவானது.

காசு வந்தது கீரையில். அதற்கு இந்தப் பெரிய பையே தேவையில்லை, ஆறு அங்குல ஆழம் போதும், அகலம்தான் வேண்டும். மீன் கடையில் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டி இரண்டு கேட்டு வாங்கி வந்தேன் (இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டும் வாடை போக ஒரு வாரம் ஆனது), அடியில் சூடு காட்டிய திருப்புளியால் ஓட்டை போட்டேன். ஒன்றில் சிறுகீரை, 25 நாளில் பிடுங்கிவிட்டு அடுத்தது தூவுவேன். ஒன்றில் அரைக்கீரை, அதை வெட்ட வெட்டத் துளிர்க்கும். 92 கட்டில் பாதிக்கு மேல் ஓசியில் வந்த இந்த இரண்டு பெட்டியிலிருந்து வந்தது என்பதைக் கிட் விற்கிறவர் படித்தால் வருத்தப்படுவார்.

ஆனால் நோட்டில் எழுத வராத ஒரு வரவு உண்டு. முன்பெல்லாம் சாயங்காலம் "கொத்தமல்லி இல்லை, வாங்கிட்டு வாங்க" என்று என் வீட்டுக்காரரை அனுப்புவேன். பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்குப் போனவர் வரும்போது கையில் மிக்சர், பிஸ்கட், ஒரு சோப்பு, 'ஆஃபர்ல இருந்துச்சு' என்று எதாவது ஒன்று. குறைந்தது 150 ரூபாய். பழைய மாத நோட்டை எடுத்துப் பார்த்தேன், தெருமுனைக் கடைச் செலவு மாதம் 1,900, 2,100 என்று இருந்தது. மாடியில் புதினாவும் மல்லியும் மிளகாயும் வந்த பிறகு 1,300 பக்கம் நிற்கிறது. எல்லாமே தோட்டத்தால் என்று சொல்ல மாட்டேன், பையன் ஹாஸ்டலுக்குப் போனதும் ஒரு காரணம். இருந்தாலும் கடைக்குப் போகிற சாக்கு குறைந்தது உண்மை. ஃபிரிட்ஜில் கட்டுக் கட்டாக அழுகுவதும் நின்றது. வேண்டியது நாலு காம்பு, கிள்ளுவதும் நாலு காம்பு.

ஆக, இந்த கிட்டை வாங்கலாமா என்றால் வேண்டாம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்ட கிட் கொடுக்கும்போது உங்கள் பக்கத்தில் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். இல்லையா, இதே தரத்துப் பையை மட்டும் தனியாக, நாலே நாலு வாங்குங்கள். ஒன்றில் கத்தரி, ஒன்றில் வெண்டை, ஒன்றில் மிளகாய், ஒன்றில் முப்பது ரூபாய்க் கறிவேப்பிலைக் கன்று. என்னுடையதை முதல் வருஷம் கிள்ளவே விடவில்லை, இப்போதுதான் இடுப்பு உயரம் வந்திருக்கிறது. கீரைக்கு அகலமான எந்தப் பெட்டியும் போதும். செம்மண்ணும் தொழு உரமும் உள்ளூரில் எடுங்கள். மாடி கனம் தாங்குமா என்ற யோசனை இருந்தால் மட்டும் கோகோபீட்டைக் கூடுதலாகச் சேர்க்கலாம். இவ்வளவும் என் கணக்கில் 700 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். நிழல்வலையை மாசியிலேயே வாங்கிவிடுங்கள், மே மாதத்தில் விலை கேட்டால் தலை சுற்றும்.

பைக்கு நாலு நட்சத்திரம், வேப்பம் புண்ணாக்குக்கும் எண்ணெய்க்கும் மூன்று, விதைக்கு ஒன்று, பத்துப் பைக்கு ஒரு கட்டி கொடுத்த கணக்குக்கு ஒன்றும் கிடையாது. கரண்டி இரண்டாவது மாதமே வளைந்துவிட்டது, இப்போது பழைய குழம்புக் கரண்டியால்தான் கிளறுகிறேன்.

கோகோபீட் கட்டி எந்தக் கடையில் வாங்கினாலும், உறையில் என்ன போட்டிருந்தாலும், ஊறவைத்த தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.