தெர்மாகோல் பெட்டியில் முட்டை அடை வைத்து மூன்று வருடம்

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் வீடு. மூன்று வருடமாக ஒரு தெர்மாகோல் பெட்டியில் நாட்டுக்கோழி முட்டை அடை வைத்து வருகிறேன். மீன் வரும் பெட்டிதான், நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தது. உள்ளே 40 வாட் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன், சூட்டைப் பார்த்து பல்பைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் போர்டு, ஒரு கிண்ணம் தண்ணீர். இருபது தடவைக்கு மேல் வைத்தாயிற்று. இப்போதெல்லாம் 30 முட்டைக்கு 22, 23 குஞ்சு வருகிறது. முதல் தடவை வந்தது 9.

அந்த ஒன்பதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். போர்டில் 37.5 டிகிரி என்று ராத்திரி பகலாக அசையாமல் நின்றது, நானும் நிம்மதியாக இருந்தேன். 21ஆம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. 22ஆம் நாள் ராத்திரி ஒரு முட்டை கொத்தியது, மறுநாள் இன்னும் எட்டு, எல்லாமே சோர்ந்துபோன குஞ்சுகள். மீதியை உடைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. மனசே கேட்கவில்லை. நாள் தள்ளிப்போனால் பெரும்பாலும் சூடு போதவில்லை என்று அர்த்தம். 19, 20லேயே பொரித்து தொப்புள் மூடாமல் வந்தால் சூடு அதிகம். என் பெட்டியில் கோளாறு எங்கே என்றால், சென்சார் ஒயரை மூடியில் பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். அங்கே 37.5 ஆனதும் பல்பு அணைந்துவிடும், கீழே முட்டை இருக்கும் இடத்தில் 36 தான்.

அதனால் சென்சார் நுனி முட்டையின் மேல்மட்டத்தில், பல்புச் சூடு நேராகப் படாத இடத்தில் இருக்கட்டும். அப்புறம் போர்டு சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு டம்ளரில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அந்தத் தெர்மாமீட்டர் இந்தச் சூட்டில்தான் சரியாகக் காட்டும். என் போர்டு 0.6 கூட்டிக் காட்டியது, இப்போது 38.1 என்று வைத்துத்தான் ஓட்டுகிறேன். உள்ளே நிஜமாக 37.5 இருக்க வேண்டும் என்பது ஃபேன் உள்ள பெட்டிக்கான கணக்கு. ஃபேன் இல்லையென்றால் முட்டையின் மேல்பக்கம் ஒரு சூடு, அடியில் ஒரு சூடு, அதனால் மேல்மட்டத்தில் 38.5 இருக்க வேண்டும். ஆனால் ஃபேன் போட்டுவிடுவதே நல்லது.

மூடியைத் திறந்ததும் போர்டில் 33, 32 என்று இறங்கும், பதறி செட்டிங்கில் கை வைக்காதீர்கள். குளிர்ந்தது காற்றுதான், முட்டை அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அடைக்கோழியே தினம் இரை எடுக்க இறங்கி இருபது நிமிஷம் கழித்துத்தானே ஏறுகிறது? பெட்டிக்குள் இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் வைத்த பிறகு ஏற்ற இறக்கமும் குறைந்தது. ஒரு ராத்திரி பல்பு ஃபியூஸாகி ஒரு ஈடு முட்டையே வீணானது. அன்றிலிருந்து ஒன்றுக்கு இரண்டு பல்பு, இணையாக. எல்இடி உதவாது, அதில் போதிய சூடு வராது.

குளிர்ந்து தப்பிய முட்டை உண்டு, 40ஐத் தாண்டி சில மணி நேரம் கிடந்தது தப்புவது கஷ்டம். அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பெட்டி இருந்தது, மத்தியானம் பல்பே எரியாமல் உள்ளே 39.8. போர்டால் பல்பை அணைக்கத்தான் முடியும், குளிர வைக்க முடியாது. அதோடு பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மேல் கருவே சூடு விட ஆரம்பிக்கும். இப்போது சித்திரை, வைகாசியில் பெட்டி உள் அறையில், தரையில். அடை வைக்கும் முன்பும் முட்டை வெக்கையில் கிடக்கக் கூடாது, கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். அம்மா தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மணலில் கூர்முனை கீழே இருக்கும்படி புதைத்து வைப்பார்கள், நானும் அப்படியே செய்து ஐந்து நாளுக்குள் பெட்டிக்கு மாற்றிவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினையே வேறு. காற்றிலேயே ஈரம் அதிகம், முட்டையில் வற்ற வேண்டிய நீர் வற்றாது. டார்ச் அடித்தால் முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை சின்னதாகவே தெரியும், குஞ்சு மூச்சுத் திணறிப் போகும். முதல் 18 நாள் 50 சதவீதம் போல ஈரப்பதம் போதும், அதனால் மழைக்காலத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுகிறேன். கடைசி மூன்று நாள் மட்டும் 65, 70க்கு ஏற்றுவேன், அப்போது முட்டையைத் திருப்புவதும் இல்லை, பெட்டியைத் திறப்பதும் இல்லை.

புயல் மாதங்களில் கரண்டை நம்பி அடை வைப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்துப்போட்டு எத்தனையோ ஊரில் வாரக்கணக்கில் இருட்டாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு அடைக்கோழியாவது கையில் இருந்தால்தான் பெட்டியை ஏற்றுவேன். போன கார்த்திகையில் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, பெட்டியில் 15 நாள் ஆன முட்டை 30. ராத்திரியோடு ராத்திரியாக 12 முட்டையைக் கோழிக்கு அடியில் ஒவ்வொன்றாக நகர்த்தினேன், மீதி 18க்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மாற்றினோம், அம்மாவும் நானும் முறை வைத்து. பெட்டியில் 7 பொரித்தது, கோழிக்கு அடியில் 11.