கறிக்கு வேக்கம் பேக்கா, உரிக்கிற மூடி போட்ட தட்டா?

களியக்காவிளைப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு மாட்டுக்கறி அனுப்புகிறவர்களுக்கு இரண்டு வழி. வேக்கம் பேக்கில் காற்றை உறிஞ்சிவிடுவதால் கறி ஊதா சாயலுக்கு மாறும். கெட்டுப்போனதல்ல, பிரித்து அரைமணி வைத்தால் சிவப்பு திரும்பும். கடையில் நிற்கிற ஆளிடம் இதை யார் விளக்குவது?

இன்னொரு வழி, உரிக்கிற மூடி போட்ட தட்டு. அதில் காற்றுக்குப் பதிலாக சுமார் 80 சதவீதம் ஆக்சிஜன், 20 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு அடைப்பார்கள். முன்னது நிறத்துக்கு, பின்னது பாக்டீரியாவை அடக்க. மூலையைப் பிடித்து இழுத்தால் மூடி வந்துவிடும், கத்தரிக்கோல் தேட வேண்டாம். ஆனால் அதே ஆக்சிஜன் கொழுப்பைக் காறவும் வைக்கும். குளிரில் வைத்தாலும் பத்து நாளைக்கு மேல் நம்பாதீர்கள். வேக்கம் பேக் அதே குளிரில் வாரக்கணக்கில் தாங்கும்.

ஓட்டலுக்கு வேக்கம், கடை அலமாரிக்குத் தட்டு என்பேன். தட்டு விளிம்பில் மட்டும் கொழுப்பு ஒட்டியிருக்கக் கூடாது, சீல் பிடிக்காது.